வெட்டில்லாத மாதங்களில் வீடு நடந்த விதம்

மொரீசியஸில் தமிழ் கற்பிக்கும் ஓர் இளம் ஆசிரியை கேட்ட கேள்வி இது: "எங்கள் பாட்டிமாருக்கு அன்றாட வேலையாக இருந்தவற்றில், இன்றைய மாணவர்களுக்குக் கண்ணால் கண்டாலும் என்னவென்று தெரியாதவை எவை? அவற்றில் எதையாவது வகுப்பில் சொல்லிக்கொடுப்பதால் பயன் உண்டா?"

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் விடை அம்மி, நாங்கள் ரோஷ் காரி என்று சொல்லும் அந்தக் கருங்கல். அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். அம்மியைப் பிள்ளைகளுக்குத் தெரியும். பல வீடுகளின் பின்புறத்தில் அது இன்னும் கிடக்கிறது, பண்டிகைக்குச் சட்னி அரைக்கும் வீடுகளும் இருக்கின்றன. அடியோடு தெரியாமல் போயிருப்பது, கரும்பு வெட்டு முடிந்த நாளிலிருந்து அடுத்த வெட்டு தொடங்கும் நாள்வரை ஒரு குடும்பத்தைக் கொண்டுசெலுத்தத் தெரிந்த திறமை. நீங்கள் கேட்கும் மற்றப் பழக்கங்களில் பாதிக்கு மேல் இந்த ஒன்றின் கிளைகள்தாம்.

இங்கே கரும்பு வெட்டு ஜூன் மாதம் தொடங்கி நவம்பர், டிசம்பர்வரை நடக்கும். அந்த ஆறு மாதமும் ஆலை ஓடும், வண்டி ஓடும், கையில் காசு புழங்கும். ஜனவரி முதல் மே வரை லாந்த்ரகூப், அதாவது இரண்டு வெட்டுக்கு இடைப்பட்ட காலம். களையெடுப்பு, உரமிடுதல் என்று சிலருக்குத்தான் வேலை, அதுவும் குறைந்த நாள்களுக்கு. ஆனால் செலவுகள் எல்லாம் அந்த மாதங்களில்தான் வந்து குவியும். ஜனவரியில் பள்ளி திறக்கும். சீருடை, செருப்பு, நோட்டு வேண்டும். தைப்பூசக் காவடிக்கு விரதம், பூஜை, சாப்பாடு உண்டு. புயல் பருவமும் அப்போதே. வரவு வற்றும்போது செலவு பெருகும் இந்தக் கணக்கை எங்கள் தாய்மார் ஆண்டுதோறும் நேர்செய்தார்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அதற்கு அவர்கள் கையில் இருந்த முதல் கருவி கார்னே. ஊர் முனைச் சீனர் கடையில் கடனுக்கு வாங்கும் குடும்பத்திற்கு ஒரு சின்னக் குறிப்பேடு உண்டு. கடைக்காரர்களில் பெரும்பாலோர் தென்சீனத்திலிருந்து வந்த ஹக்கா குடும்பத்தினர். அவர்கள் எங்கள் கிரியோல் மொழியையும் பேசினார்கள், எங்கள் விரத நாள்களையும் அறிந்திருந்தார்கள். வாங்கிய பொருள் வீட்டு ஏட்டில் ஒரு முறையும் கடை ஏட்டில் ஒரு முறையும் ஏறும். சம்பளம் வந்ததும் தீர்ப்பார்கள். வெட்டில்லாத மாதங்களில் கொஞ்சம் தீரும், மிச்சம் நிற்கும். நின்ற பாக்கி ஜூலை, ஆகஸ்டில்தான் இறங்கத் தொடங்கும்.

இதை வெறும் கடன் என்று நினைத்தால் அதன் நுட்பம் தெரியாமல் போய்விடும். கடைக்காரர் ஒரு குடும்பத்தை எவ்வளவு தூரம் நம்புவார் என்பதற்கு எழுதப்படாத ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லை எங்கே என்று என் தாயாருக்குத் துல்லியமாகத் தெரியும். டிசம்பரில் கையில் காசு இருக்கும்போதே பழைய பாக்கியை அடியோடு கழித்துவிடுவார், ஜனவரியில் சீருடைத் துணிக்கு இடம் வேண்டும் என்பதற்காக. எண்ணெய்யைப் புட்டியாக வாங்க மாட்டார். அன்றைக்கு வேண்டியதைச் சின்னக் கிண்ணத்தில் அளந்து வாங்குவார். புட்டி வீட்டில் இருந்தால் கை தாராளமாகும் என்பது அவர் அனுபவம். டின் மீன் எந்த வாரத்தில் நிறுத்த வேண்டும், பருப்பு எந்த வாரத்தில் கூட வேண்டும் என்பதெல்லாம் மனக்கணக்கு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை இரவில் அழைத்து ஏட்டை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். படிப்பவர் கூட்டிச் சொல்லும் தொகை அவர் மனத்தில் வைத்திருந்த தொகையோடு ஒத்துவந்தால் தலையசைப்பார். ஒத்துவராவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டும். எனக்குக் கூட்டல் வந்தது பள்ளியில் அல்ல, அந்த ஏட்டில்தான்.

கடையில் உப்பும் கடலையும் செய்தித்தாள் கூம்பில் வரும். பசை இல்லாமல், நூல் இல்லாமல், ஒரு முனையை உள்ளே மடித்துச் செருகினால் உப்பு சிந்தாமல் நிற்கும் கூம்பு. அதைப் பத்து வயதுப் பிள்ளைகள் எல்லோரும் செய்வார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளைப் பிரித்து நீவி அடுக்கி வைப்போம், விளக்குக் கண்ணாடி துடைக்க அது வேண்டும். அரிசி வந்த கோணிச் சாக்கும் மாவு வந்த வெள்ளைத் துணிப்பையும் குப்பைக்குப் போனதே இல்லை. மாவுப் பையின் அச்செழுத்துகள் போகும்வரை சோப்புப் போட்டு ஊறவைத்து வெயிலில் விரிப்பார்கள். சாயம் முழுதும் வெளுத்த பிறகு அது தலையணை உறையாகும், பாவாடையாகும், சிறுவனின் உள்ளாடையாகும். கோணியை மழைக்காப்பாக்குவதற்கு ஒரே ஒரு மடிப்புப் போதும்: அடிப்பக்கத்து மூலை ஒன்றை உட்புறமாகத் தள்ளி மற்ற மூலைக்குள் பொருத்தினால் தலைக்குக் குல்லாயும் முதுகுக்குப் போர்வையும் ஒன்றாகக் கிடைக்கும். கரும்புத் தோட்டத்தில் மழையில் நின்றவர்கள் எல்லோரும் அதைத்தான் போட்டிருந்தார்கள். இந்த மடிப்பைச் செய்துகாட்டினால் இன்றைய பிள்ளைகள் வியப்போடு பார்க்கிறார்கள்.

அடுத்தது முறம். கிரியோலில் லாவான். பிள்ளைகள் இதைச் சுவரில் மாட்டும் அலங்காரமாக மட்டும் பார்த்திருக்கிறார்கள். பங்கீட்டு அரிசியில் கல், நெல், குறுணை, சில வேளை வண்டு எல்லாம் கலந்து வரும். சோறு வைப்பதற்கு முன் அரை மணி நேரம் முறத்தோடு உட்கார வேண்டும். முறத்தை மேலும் கீழும் தட்டிப் புடைத்தால் உமியும் தூசியும் முன்விளிம்பைத் தாண்டிப் பறக்கும். பக்கவாட்டில் அசைத்துக் கொழித்தால் கனமானது ஒரு பக்கமும் அரிசி ஒரு பக்கமும் ஒதுங்கும். குறுணை தனியாகச் சேர்ந்து கோழிக்குப் போகும். அப்படியும் மிஞ்சிய கல்லைத் தண்ணீரில் அரிப்பார்கள்: ஒரு பாத்திரத்தைச் சுழற்றிச் சுழற்றி அரிசியை மட்டும் அடுத்த பாத்திரத்துக்கு வழியவிட்டால் கல் அடியில் நிற்கும். இதில் எல்லாம் மணிக்கட்டில்தான் இருக்கிறது. வாயால் விளக்கிச் சொன்னால் வராது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு மாலையில் வந்துவிடும். கற்றுக்கொடுக்கத் தகுந்தது என்று நான் நினைக்கும் முதல் திறமை இதுதான். ஒரு முறமும் ஒரு கிலோ அரிசியும் கொஞ்சம் உமியும் போதும். எடையின்படி பொருள்கள் பிரிவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள்.

இப்போது அம்மிக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு அதன் உருவம் தெரியும், பயன்படுத்தும் முறை தெரியாது. உலர்ந்த மிளகாய், மல்லி, மஞ்சள் முதலில். சில சொட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டே அரைக்க வேண்டும். பூண்டும் இஞ்சியும் வெங்காயமும் கடைசியில். ஈரமான அவற்றை முதலிலேயே சேர்த்தால் மிளகாய்த் தோல் வழுக்கிக்கொண்டு நசுங்காமல் ஓடும். குழவியை அழுத்துவது தோளின் பாரம், கையின் வலு அல்ல. கையால் அரைப்பவர் பத்து நிமிடத்தில் களைத்துவிடுவார். அரைத்து வழித்த பின் அம்மியைக் கழுவிய தண்ணீரும் குழம்பில்தான் சேரும், அதில் ஒரு பிடி மசாலா இருக்கிறது. புதுக் கல்லில் முதலில் ஊறவைத்த அரிசியை அரைத்துக் கொட்ட வேண்டும், கல்தூள் வருவது நிற்கும்வரை. நாள்பட்டு வழவழப்பான கல்லை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். கொத்தத் தெரிந்தவர்கள் மறைந்ததால்தான் எத்தனையோ நல்ல கற்கள் தோட்டத்து ஓரம் போய்ச் சேர்ந்தன. இயந்திரம் வந்தது மட்டுமே காரணம் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. எங்கள் ஊரில் கல் மழுங்கிய பிறகே பலர் இயந்திரம் வாங்கினார்கள்.

மாடு வைத்திருந்த வீடுகளில் பெண்கள் விடியும் முன்னே புல்லுக்குப் போவார்கள். வெட்டுக் காலத்தில் கரும்பின் தலைப்பகுதி, சோகையோடு, தீவனமாகக் கிடைக்கும். மற்ற மாதங்களில் வரப்பு வரப்பாகத் தேட வேண்டும். பழந்துணியைச் சுற்றிச் சும்மாடு செய்வதும், கழுத்து ஆடாமல் புல்கட்டைத் தலையில் ஏற்றுவதும், கட்டு நழுவாமல் நடப்பதும் சிறு வயதிலேயே பழகியவை. வெட்டில்லாத மாதங்களில் கடையின் பாக்கியைக் கொஞ்சமாவது குறைத்தது பால் விற்ற காசுதான். கன்று விற்ற பணம் திருமணத்துக்கோ மகனின் பரீட்சைக் கட்டணத்துக்கோ போகும். வங்கிக் கணக்கு இல்லாத வீட்டில் சேமிப்பு தொழுவத்தில் நின்றது.

ஆற்றுக்குப் போய்த் துணி துவைத்ததை இந்தப் பட்டியலில் சேர்த்து ஏங்குபவர்கள் இருக்கிறார்கள். நான் ஏங்க மாட்டேன். கருங்கல் பாறையில் குனிந்து நின்று, இடுப்பளவு குளிர்நீரில், ஒரு குடும்பத்தின் துணி முழுவதையும் அடித்துத் துவைத்து, நனைந்த மூட்டையைத் தலையில் ஏற்றி மேடேறிய பெண்களின் முதுகும் மூட்டும் என்னவாயின என்பதை நான் அறிவேன். நீலம் போடும் பக்குவமும், வடித்த கஞ்சியில் சட்டையை நனைத்து விறைப்பாக்கும் பக்குவமும், கரி இஸ்திரிப் பெட்டியின் சூட்டை முகத்தருகே பிடித்து அறியும் பக்குவமும் பெரிய திறமைகள்தாம். அவை போனது நல்லதே. விறகு அடுப்பின் புகையும் அப்படியே. ஆண்டுக்கு ஒரு முறை விடுமுறையில் பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்து வயிறு கழுவியதும் போகட்டும். ஆனால் செரிமானத்துக்கு அயப்பானா இலையும் சளிக்கு எலுமிச்சைப்புல்லும் வேலி ஓரத்தில் வளர்ந்து, அவற்றைப் பிள்ளைகளே அடையாளம் கண்டு பறித்து வந்த பழக்கம் போனது வருத்தம் தருகிறது. இன்று அதே இலைகளைத் தலைநகர் போர்ட் லூயியின் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

எப்படி இவ்வளவும் இரண்டு தலைமுறைக்குள் மறைந்தன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். மூன்று காரணங்களைச் சொல்லலாம். முதலாவது 1960. அந்த ஆண்டு ஜனவரியில் அலிக்ஸ், பிப்ரவரி இறுதியில் காரல் என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்தன. காரலில் காற்றின் வேகம் மணிக்கு 256 கிலோமீட்டர்வரை பதிவானது. கரும்புச் சோகை வேய்ந்த வீடுகளும் தகர வீடுகளும் ஆயிரக்கணக்கில் அழிந்தன. அதன்பின் அரசு குடியிருப்புகளைக் கட்டியது, மக்களும் கான்கிரீட்டுக்கு மாறினார்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் புதுச் சோகை கொண்டு கூரை வேயத் தெரிந்தவர்களுக்குச் சில ஆண்டுகளிலேயே வேலை இல்லாமல் போனது. இரண்டாவது, 1970இல் வந்த ஏற்றுமதி மண்டலச் சட்டம். அடுத்த இருபது ஆண்டுகளில் ஆடைத் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கான பெண்களை வேலைக்கு எடுத்தன. புல்லுக்கும் ஆற்றுக்கும் போன பெண்களின் மகள்கள் காலையில் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். வேலை கடினம், நேரம் நீளம். ஆனால் ஜனவரியிலும் சம்பளம், ஆகஸ்டிலும் சம்பளம். லாந்த்ரகூப் என்ற சொல்லுக்கு வீட்டுக்குள் இருந்த அச்சம் அப்போதுதான் தீர்ந்தது. அச்சத்தோடு அதைச் சமாளித்த திறமைகளும் போயின. மூன்றாவது, 1977 முதல் இடைநிலைக் கல்வி இலவசமானது. பிள்ளைகள் மாலையில் அடுப்படியில் உட்காராமல் பாடம் படித்தார்கள், டியூஷன் போனார்கள். அதற்காகத்தான் அந்தத் தாய்மார் மாடு வளர்த்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரே ஒரு திறமை போனதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை: புயலுக்கு ஆயத்தமாவது. இன்று எச்சரிக்கை கைப்பேசியில் வருகிறது. முதல் நிலையிலிருந்து நான்காம் நிலைவரை எல்லோருக்கும் தெரியும். நான்காம் நிலை என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் வீச்சு பதிவாகிவிட்டது, இன்னும் தொடரும் என்று பொருள். எச்சரிக்கை வந்ததும் பிள்ளைகள் கேட்பது பள்ளி விடுமுறையா என்பதே. அந்தக் காலத்தில் இரண்டாம் நிலைக்கு முன்பே வீடு தயாராகியிருக்கும். கூரைத் தகரத்தில் தளர்ந்த ஆணி எது என்று தட்டிப் பார்த்து அடிப்பார்கள். கதவுக்கும் பலகைச் சன்னலுக்கும் குறுக்குக் கட்டை போடுவார்கள். தகரத் துண்டு, வாளி, அம்மிக் குழவிகூட வெளியில் கிடக்காது. பீப்பாய்களில் தண்ணீர் நிரம்பும். ஃபராத்தா என்னும் தட்டை ரொட்டியைச் சுட்டு அடுக்குவார்கள், பிஸ்கி காபின் என்னும் கெட்டி பிஸ்கட் டின்னில் இருக்கும். அரிக்கேன் விளக்கின் திரியை நேராகக் கத்தரிப்பதும் கண்ணாடியைத் தாளால் துடைப்பதும் பிள்ளைகள் வேலை. திரி கோணலாக இருந்தால் ஒரு பக்கம் புகை ஏறிக் கண்ணாடி கருத்துவிடும்.

பெரியவர்களுக்குக் காற்றைப் படிக்கத் தெரியும். நமது தென் அரைக்கோளத்தில் புயல் கடிகார முள் சுற்றும் திசையில் சுழல்கிறது. ஆகவே காற்று வரும் திசையைப் பார்த்து நின்றால் புயலின் மையம் இடக்கைப் பக்கம் இருக்கும். காற்றின் திசை மாறாமல் வேகம் மட்டும் கூடிக்கொண்டே போனால் மையம் நம்மை நோக்கி வருகிறது. கண் மேலே வந்ததும் காற்று நின்றுவிடும், வானம்கூடத் தெளியலாம். அப்போது வெளியே போனவர்கள் ஆபத்தில் சிக்கினார்கள், ஏனென்றால் அடுத்த காற்று எதிர்த்திசையிலிருந்து முழு வேகத்தோடு தொடங்கும். காரல் நேராகத் தீவின் மேலேயே கடந்தது. அந்த அமைதியில் என் தந்தை செய்தது ஒன்றே ஒன்று: கிழக்குக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளை எடுத்து மேற்குக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். நாங்கள் அப்போது கேள்வி கேட்கவில்லை, கட்டையைப் பிடித்துக்கொண்டோம். 1975இல் ஜெர்வேஸ் வந்தபோது அதே வேலையை என் தம்பி தானாகவே செய்தான்.

2024 ஜனவரி 15ஆம் தேதி பெலால் புயலின்போது போர்ட் லூயி தெருக்களில் கார்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதை எல்லோரும் பார்த்தோம். எச்சரிக்கை எண் ஒன்றைச் சொல்லும், வானம் வேறொன்றைச் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். மழை எப்படிப் பெய்கிறது, அருகிலுள்ள கால்வாயில் நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்கும் வழக்கம் முன்பு ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது.

ஆகவே வகுப்பில் என்ன செய்யலாம் என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் விடை இது. துவைத்தலையும் புல்கட்டையும் படமாகக் காட்டினால் போதும். முறத்தைக் கையில் கொடுங்கள். புயல் பாடத்தை நவம்பருக்கு முன் நடத்துங்கள், ஏனென்றால் பருவம் நவம்பரில் தொடங்குகிறது. பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்திக் காற்றைப் பார்க்கச் சொல்லி, மையம் எந்தப் பக்கம் என்று இடக்கையால் காட்டச் செய்யுங்கள். வீட்டில் எந்தக் கதவு எந்தத் திசையில் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் வரைந்து வரட்டும். கார்னேக்கு ஒரு கணக்குப் பாடம் ஒதுக்குங்கள்: ஆறு மாதம் முழுச் சம்பளம், ஆறு மாதம் அரைச் சம்பளம், ஜனவரியில் சீருடை, தைப்பூசத்துக்கு விருந்து என்று வைத்து, ஒரு குடும்பத்தின் ஓராண்டை அவர்களே ஏட்டில் எழுதி முடிக்கட்டும். எண்ணெய்யை எத்தனை நாளுக்கு வாங்குவது என்ற இடத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும், வாதாட விடுங்கள். சில வீடுகளில் பழைய ஏடு இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது. பாட்டி உயிரோடு இருக்கும் பிள்ளைகளிடம் அதைத் தேடிக் கேட்கச் சொல்லுங்கள், கேட்கும்போது வீட்டிலேயே பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்ளட்டும். பிறர் கடன் எழுதிய ஏடு என்பதால் கடைக்காரர் பெயரையும் குடும்பப் பெயரையும் மறைத்த பிறகே வகுப்பில் காட்ட வேண்டும்.